போம் நிரப்பிப் பழகிய ஊரில் மனதை அளப்பது

இலங்கையின் வடக்கே, போர் நடந்த வன்னிப் பெருநிலத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் வினாக்கொத்தோடு போய் இருப்பவர் யாரும் அந்த வீட்டுக்கு முதல் ஆள் இல்லை. அவருக்கு முன்னால் ஒரு வரிசையே வந்து போயிருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் அடித்த பிறகு முல்லைத்தீவுக் கரைக்கு நிறுவனங்கள் வந்தன. 2009இல் சனத்தை ஓமந்தையில் பதிந்தார்கள், செட்டிகுளத்து மெனிக் பாமில் மறுபடி பதிந்தார்கள். போர் முடிந்த கையோடு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். மீள்குடியேற ஒரு போம் (படிவம்), வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி போட்டுப் பார்க்க ஒரு போம். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தது. 2014 ஜனவரியில் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. 2018இலிருந்து காணாமற்போனோர் அலுவலகம். இவற்றுக்கிடையே, போம் எதுவும் காட்டாமல் சிவில் உடுப்பில் வந்து வீட்டு விபரம் கேட்டவர்களும் உண்டு.

இந்த வரிசையின் கடைசியில்தான் உளவியல் மதிப்பீடு செய்ய வருபவர் நிற்கிறார். பண்பாட்டை மதித்து மதிப்பீடு செய்வது என்றதும் நம்மில் பலர் மொழிபெயர்ப்பையும் கோயிலையும் பேய் பிடித்தலையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். அவையும் வேண்டியவைதான். ஆனால் வன்னியில் முதலில் விளங்க வேண்டியது பதில் சொல்லும் பழக்கம். கேட்பவர் யார், பதில் எங்கே போகும், இதனால் வீட்டுக்கு ஏதும் கிடைக்குமா, வில்லங்கம் வருமா என்று கணக்குப் பார்த்துப் பதில் சொல்ல இங்கே சனம் பழகியிருக்கிறது. அப்படிப் பழகித்தான் பிழைத்தும் இருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்க்காமல் எடுக்கும் எந்தப் புள்ளியும் அரைப் புள்ளிதான்.

அது இரண்டு பக்கமும் சரியும். உதவி வரும் என்று நினைத்தால் துன்பம் கூடிய பதில் வரும். அதைப் பொய் என்று சொல்வது அநியாயம். கஷ்டத்தைக் காட்டினால்தான் பெயர் பட்டியலில் ஏறும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் போம் கொண்டு வந்தவர்களே. கண்காணிப்பு என்று சந்தேகம் வந்தால் எல்லாம் 'இல்லை', 'சுகமாயிருக்கிறம்'. போருக்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டார்கள். அங்கே தடுப்பில் இருந்தவர்களிடமே வினாக்கொத்துக் கொடுத்து, தீவிர எண்ணம் குறைந்ததா என்று அளந்த ஆய்வு வெளிநாட்டு உளவியல் சஞ்சிகையில் வந்திருக்கிறது. வெளியே விடும் திகதி இன்னொருவர் கையில் இருக்கும்போது ஒருவர் என்ன பதிலில் புள்ளடி போடுவார் என்பதை ஊகிக்கப் புள்ளிவிபரவியல் தேவையில்லை. அந்த அனுபவத்தோடு வீடு திரும்பியவரிடம்தான் இன்றைக்கு 'மனந்திறந்து கதையுங்கள்' என்கிறோம்.

இப்போது ஒரு கருவியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மனச்சோர்வைச் சலித்தெடுக்க உலகம் முழுக்கப் பயன்படுவது பிஎச்கியூ-9. ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு கிழமையில் இந்தத் தொல்லை எவ்வளவு இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி, மொத்தம் 27. வழக்கமாகப் பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேலதிகமாகப் பார்க்க வேண்டும் என்பார்கள். சுருக்கமானது, செலவில்லாதது, ஒரு தாதியோ உளசமூகப் பணியாளரோ சில நிமிடத்தில் கேட்டு முடிக்கலாம். குறை சொல்வதற்கு முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்: உளமருத்துவரைக் காண மாவட்ட வைத்தியசாலைக்குப் பஸ் ஏற வேண்டிய ஊரில், சலித்தெடுக்க ஒரு கருவி கட்டாயம் வேண்டும்.

ஆனால் அதைக் கேட்கிறபோது நடப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"அம்மா, போன ரெண்டு கிழமையில எத்தினை நாள் நித்திரை குழம்பினது?"

"நித்திரையோ தம்பி? யானை வாற நாளெல்லாம் முழிப்புத்தான். மற்ற நாள் நாரி நோ விடாது."

"பாதி நாளுக்கு மேலயோ, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளுமோ?"

"நீங்களே பாத்துப் போடுங்கோவன்."

இந்த 'நீங்களே பாத்துப் போடுங்கோ'வில் அரைவாசிப் பிரச்சினை அடங்கியிருக்கிறது. போம் என்பது உத்தியோகத்தரின் வேலை, நிரப்புவது அவர் பொறுப்பு என்று இவ்வளவு காலமும் நடந்து வந்திருக்கிறது. தம்பியும் ஒரு மூன்றைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். அந்த மூன்றுக்குள் யானையும் இருக்கிறது, நாரி நோவும் இருக்கிறது, ஒருவேளை மனச்சோர்வும் இருக்கலாம். எது எவ்வளவு என்று புள்ளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. களைப்பும் அப்படித்தான். சன்னத் துண்டு உடம்பில் இருப்பவர், இரத்தம் குறைந்தவர், வவுனியாப் பக்கம் காரணம் தெரியாமல் பரவிய சிறுநீரக நோய் உள்ளவர் எல்லாருமே களைப்பு என்றுதான் சொல்வார்கள். உடம்பை முதலில் பார்க்காமல் மனதுக்குப் புள்ளி போடுவது வைத்தியமும் இல்லை, உளவியலும் இல்லை.

'பாதி நாளுக்கு மேல்' போன்ற அளவைச் சொல்லால் விளங்கப்படுத்துவது கஷ்டம். பல நாடுகளில் நான்கு கிளாசில் வெறுமை, கொஞ்சம், பாதி, நிறையத் தண்ணீர் வரைந்த படத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். விரலை வைத்துக் காட்டும்போது 'நீங்களே போடுங்கோ' குறைகிறது; பதில் கையில் வருகிறது.

எந்த இரண்டு கிழமை என்பதும் முக்கியம். மே மாத நடுவில் முல்லைத்தீவில் எடுத்த புள்ளியையும் காலபோக நெல் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும்போது எடுத்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. போரின் கடைசி நாட்களை நினைவுகூரும் மே 18 நெருங்க நித்திரை குழம்பாத வீடு அந்தக் கரையில் குறைவு. அதே வைகாசியில்தான் வற்றாப்பளை அம்மன் பொங்கலும் வருகிறது. துக்கமும் திருவிழாவும் ஒரே மாதத்துக்குள். மாவீரர் நாள் வரும் நவம்பர் கடைசியும் அப்படி ஒரு காலம். நுண்கடன் கட்டுக்காசு வாங்க ஆள் வரும் நாளில் போய்ப் பதற்றத்தை அளந்தால், எதை அளந்தோம் என்று நாமே யோசிக்க வேண்டியிருக்கும். நாட்காட்டியைப் பார்த்துத் திகதி குறிப்பது பெரிய நுட்பம் ஒன்றும் இல்லை. ஆனாலும் திட்ட முடிவுத் திகதிதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் பற்றியது. அதைக் கேட்டால் எண்ணத்தை விதைத்த மாதிரி ஆகிவிடும் என்று பணியாளர்களே பயந்து தாண்டிவிடுவதுண்டு. நேராகவும் பரிவாகவும் கேட்பது அந்த எண்ணத்தைக் கொண்டுவராது என்பது நன்கு அறியப்பட்டது. இலங்கையில் 1998இலிருந்து தற்கொலை முயற்சி குற்றம் இல்லை. ஊரில் பலருக்கு இது தெரியாததால் பொலிஸ் வரும் என்று மறைக்கிறார்கள். கேட்கப் போகிறவர் இதைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். 'ஓம்' என்று பதில் வந்தால் அன்றைக்கே யாரிடம் கூட்டிப்போவது என்ற ஏற்பாட்டை முதலே வைத்திருக்க வேண்டும். ஏற்பாடு இல்லாதவர் அந்தப் போமைக் கையில் எடுக்கக்கூடாது என்பேன். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொடுப்பது அதில் மிகக் குறைந்தது.

வேறு கருவிகளில் வேறு சிக்கல். ஹொப்கின்ஸ் அறிகுறிப் பட்டியலில் பாலுறவில் நாட்டம் குறைந்ததா என்று ஒரு கேள்வி உண்டு. கணவர் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு இருக்கும் ஒரு அக்காவிடம், மாமி பக்கத்தில் இருக்க, இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர் அதைக் கேட்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அந்த ஒரு கேள்வியால் அதற்குப் பிறகு வரும் எல்லாப் பதிலும் பழுதாகும். கேட்பவர் பெண்ணாக இருந்து, தனியாகக் கேட்டிருந்தால் கதை வேறு.

மனவடுவை அளக்கும் பிசிஎல்-5 இருபது கேள்வி கொண்டது. யாரையும் நம்ப முடியாது என்ற எண்ணமா, எந்நேரமும் உசாராக இருக்கிறீர்களா, நடந்ததை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா என்றெல்லாம் அதில் வரும். நடந்த இடத்திலேயே குடியிருப்பவர் எதைத் தவிர்ப்பது? புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்குச் சந்தைக்குப் போகிற பாதையே முள்ளிவாய்க்கால் வழியாகத்தான் போகிறது. கண்ணிவெடிப் பலகை நட்ட காட்டுக்கு விறகுக்குப் போகாதவர் நோயாளி இல்லை. வாசலில் தெரியாத மோட்டார் சைக்கிள் நின்றால் உசாராகிற முன்னாள் போராளிக்கு அந்த உசார் நோயா, அனுபவமா? சில வேளை இரண்டும். அதைப் பிரித்தறிய மேலதிகமாகக் கதைக்க வேண்டும். 'எப்ப இருந்து, ஆரைக் கண்டால், இரவிலயும் இருக்கோ, பிள்ளையளோடயும் இருக்கோ' என்று. பெட்டிக்குள் அதற்கு இடம் இல்லை.

இப்படிப்பட்ட கருவிகளால் எடுத்த எண்கள்தான் செய்தியில் வருகின்றன. யாழ் மாவட்டத்தில் 2009இல் பெரியவர்களிடம் எடுத்து 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வில், போருக்குப் பிந்திய மனவடு நோய் 7 வீதம், பதற்றம் 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம். வடகிழக்கின் போர்ப் பகுதிகளில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் எடுத்து 2009இல் வெளியான இன்னோர் ஆய்வில் நூற்றுக்கு 25 பிள்ளைகளுக்கு மனவடு நோய். இரண்டையும் பக்கத்தில் போட்டு 'எது சரி' என்று கேட்பதில் பொருள் இல்லை. ஆட்கள் வேறு, வயது வேறு, இடம் வேறு, கேட்ட விதம் வேறு. பின்னைய ஆய்வில் ஒரு விடயம் பிடித்தது: முதல் கணிப்போடு நிற்காமல், 67 பிள்ளைகளை நிபுணர்கள் தனியே நேர்கண்டு சரிபார்த்தார்கள். இந்த இரண்டாம் படிதான் பல இடங்களில் காணாமல் போகிறது. சலித்தெடுத்த புள்ளியை நோய் என்று எழுதிவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் உளமருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியைப் பற்றி எழுதிய ஆய்வில், தனியாளை மட்டும் அளந்தால் இங்கே நடந்தது பிடிபடாது என்றார். குடும்பம் உடைந்தது, ஊர் உடைந்தது, ஒருவரை ஒருவர் நம்புவது உடைந்தது. அது கூட்டு மனவடு என்பது அவர் வாதம். உளவியலாளர் கைத்திரி பெர்னாண்டோ 2008இல் வெளியிட்ட அளவுகோல் வேறு வழியில் போனது. போரும் பேரிடரும் கண்ட இலங்கையர் தங்கள் துன்பத்தைச் சொன்ன கதைகளிலிருந்தே கேள்விகளைப் பொறுக்கினார். அவரும் சகாக்களும் 2010இல் இலங்கை இளையோர் பற்றி வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: போரும் சுனாமியும் மட்டுமல்ல, வறுமை, வீட்டுக்குள் அடிதடி, பாதுகாப்பில்லாத இருப்பிடம் போன்ற அன்றாட நெருக்கடிகளும் பிள்ளைகளின் மனநிலையில் பெரிய பங்கு வகிக்கின்றன. வன்னியில் இதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனாலும் வருகிற வினாக்கொத்துகளில் பெரும்பாலானவை செல்லடியைக் கேட்கும், கட்டுக்காசைக் கேட்காது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் மதிப்பீடு இன்னும் நுட்பமாகிறது. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க டிஎஸ்எம் கையேட்டின் 2022 திருத்தத்தில் நீடித்த துயர நோய் சேர்க்கப்பட்டது. பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம், பிள்ளைகளுக்கு ஆறு மாதம் கடந்தும் துயர் தணியாவிட்டால் அதைக் கவனிக்கச் சொல்கிறது. அதன் முதல் நிபந்தனை, நெருங்கிய ஒருவர் இறந்திருக்க வேண்டும். எட்டு, அந்தியேட்டி, ஆட்டத் திவசம் என்ற இறப்புச் சடங்கு எதுவும் செய்யாமல், பொட்டு அழிக்காமல், மகனின் படத்தோடு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கிய தாய்மாருக்கு இந்த நிபந்தனையே பொருந்தாது. 'ஏற்றுக்கொள்ள மறுக்கிறார்' என்று அறிக்கையில் எழுதுவது அவர்களுக்கு மரணச் சான்றிதழை நீட்டுவதற்குச் சமம். இறப்புப் பதிவு பற்றிய 2016 திருத்தச் சட்டத்தோடு காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றை அரசாங்கமே வைத்திருக்கிறது. மதிப்பீட்டுப் போமில் இன்னும் 'திருமணமானவர் / விதவை' என்று இரண்டு பெட்டிதான். சாத்திரம் கேட்டு, மகன் வடக்குத் திசையில் உயிரோடு இருக்கிறான் என்று வாக்குப் பெற்று வந்த தாயைப் பிரமை உள்ளவர் என்று பதிவதும் நடக்கக்கூடியது. அவரோடு சாத்திரம் கேட்கப் போன பத்துப் பேரும் அதை நம்புகிறார்கள் என்றால் அது பிரமை இல்லை. தனக்கு மட்டும் கேட்கும் குரல் ஏசுகிறது, சாப்பாட்டில் நஞ்சு இருப்பதாகச் சொல்கிறது என்றால் அது வேறு. அதற்கு மருந்து வேண்டும், கெதியாய் வேண்டும். பண்பாடு என்று சொல்லி நோயைத் தவறவிடுவதும் பிழைதான்.

சரி, பதின்ம வயதினரிடம் வருவோம். இன்று பதினைந்து வயதுள்ள பிள்ளை போர் முடிந்த பிறகு பிறந்தது. ஷெல் சத்தம் கேட்டதா, பங்கருக்குள் இருந்ததா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் 'இல்லை'தான். ஆனால் அப்பா குடிப்பதும், அம்மா வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருப்பதும், அம்மம்மா செத்துப்போன மாமாவின் பெயரால் அதைக் கூப்பிடுவதும் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை. பதினொன்று முதல் பதினேழு வரையானவர்கள் தாங்களே நிரப்பும் எஸ்டிகியூ என்ற வினாக்கொத்தில் இருபத்தைந்து வசனம் உண்டு. நல்ல சிநேகிதர் ஒருவராவது உண்டா, தனியே இருக்கத்தான் விருப்பமா, பொய் சொல்கிறாய் ஏமாற்றுகிறாய் என்று மற்றவர்கள் குற்றம் சொல்கிறார்களா என்று போகும். மோசமான கருவி இல்லை. அதை வகுப்பறையில் கொடுத்து, ரீச்சர் வாங்கி, மேசையில் அடுக்கி வைக்கும் விதத்தில்தான் கெடுகிறது. மாணவருக்குத் தாளில் எழுதிக் கொடுப்பதெல்லாம் பரீட்சை. சரியான விடை எதுவென்று தேடி, பக்கத்துப் பிள்ளையையும் பார்த்து எழுதும்.

யாரை மதிப்பீட்டுக்கு அனுப்புவது என்பதிலும் சாய்வு இருக்கிறது. பின்வாங்கில் அடிபடுகிற பெடியன், மாவா போடுகிறான் என்று பிடிபட்டவன், காதல் கடிதத்தோடு அகப்பட்ட பெட்டை ஆகியோர் உளவளத்துணை ஆசிரியரிடம் அனுப்பப்படுகிறார்கள். 'சோலி இல்லாத பிள்ளை' என்று எல்லாரும் மெச்சுகிற, வாயே திறக்காத பிள்ளையை யாரும் அனுப்புவதில்லை. அடங்கி இருப்பதை நல்ல குணம் என்று கொண்டாடும் ஊரில் அடங்கிப் போவது ஒரு அறிகுறியாகக் கண்ணில் படாது. ரியூசனுக்குப் போவதை விட்ட நாள், பின்னேரம் கரப்பந்தாட்டத்துக்கு வராமல் விட்ட நாள், கோயில் திருவிழாவுக்கு உடுப்புக் கேட்காமல் விட்ட வருடம் ஆகியவற்றை விசாரித்தால் அதிகம் தெரியவரும். ரகசியம் பற்றியும் பிள்ளைக்கு முதலே நேராகச் சொல்லவேண்டும்: எதை நான் வீட்டுக்குச் சொல்லமாட்டேன், உயிருக்கு ஆபத்து, துஷ்பிரயோகம் என்றால் யாரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று. 'எல்லாம் எனக்குள்ளேயே இருக்கும்' என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அதிபர் அறையில் கதைத்தால், அந்தப் பிள்ளை மட்டுமல்ல, அந்த வகுப்பே இனிக் கதைக்காது.

புத்திக்கூர்மை, ஞாபகசக்தி அளக்கும் சோதனைகளில் வன்னிக்குத் தனிச் சிக்கல். 2008இல் பதினைந்து வயதாயிருந்தவர்களுக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆட்சேர்ப்புக்குப் பயந்து ஒளித்திருந்தவர்கள், கட்டாயத்தில் போனவர்கள், அவசரமாகக் கலியாணம் கட்டிவைக்கப்பட்டவர்கள் பலருடைய படிப்பு அந்த வயதோடு நின்றது. மணிக்கூட்டை வைத்து நேரம் பார்க்கும் சோதனையில் அவர்கள் பெறும் குறைந்த புள்ளி, படிக்காமல் விட்ட வருடங்களைத்தான் முதலில் காட்டுகிறது. அதே நேரம் சிலருக்கு ஷெல் வெடிப்பில் தலையில் அடிபட்டதோ காது மந்தமானதோ உண்மையாகவே இருக்கலாம். கேட்காத காதை விளங்காத மூளை என்று எழுதிவிடக் கூடாது. முதியவர்களின் மறதியை அளக்க 1975இலிருந்து பழக்கத்தில் உள்ள முப்பது புள்ளிச் சோதனையில் இது என்ன பருவகாலம் என்று ஒரு கேள்வி. வசந்தம், கோடை, இலையுதிர், பனி என்று நான்கு பருவம் உள்ள நாட்டுக்கு எழுதியது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த ஐயாவிடம் காலபோகமா சிறுபோகமா, விதைப்பா அறுப்பா என்று கேட்டால் அவருடைய நினைவு எங்கே நிற்கிறது என்று உடனே தெரிந்துவிடும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வதைவிட, ஐந்நூறு ரூபாவுக்குச் சந்தையில் சாமான் வாங்கி மிச்சம் எவ்வளவு என்று கேட்கலாம். ஆனால் கேள்வியை மாற்றினால், இத்தனைக்குக் கீழே என்றால் மறதி என்று வைத்த பழைய வெட்டுப்புள்ளி செல்லாது. உள்ளூர் ஆட்களில் போட்டுப் பார்த்துப் புதிதாக எடுக்க வேண்டும். இந்த வேலைக்குக் காசு ஒதுக்குவோர் அரிது.

வன்னி என்றால் ஒரே சனம் என்ற எண்ணமும் பிழை. 1977, 1983 கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நிறைய. 1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம்கள் இருக்கிறார்கள். மன்னார்ப் பக்கம் கத்தோலிக்கக் கிராமங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து நின்றுவிட்டவர்கள் வேறு. இவர்கள் துயரத்தைச் சொல்லும் விதமும், யார் முன்னால் சொல்வது என்ற கணக்கும் வேறு வேறு. யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிற படித்த உத்தியோகத்தருக்கு முன் கைகட்டி 'ஓம் சேர்' மட்டும் சொல்கிறவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது சாதியும் காணியும் தெரிந்தவருக்குத்தான் விளங்கும். வைத்தியர் சிங்களத்தில் கேட்டு, வைத்தியசாலைச் சிற்றூழியர் மொழிபெயர்க்கும் இடத்தில் இன்னொரு சிக்கல்: அந்தச் சிற்றூழியர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்.

அப்படியானால் எப்படிச் செய்வது? டிஎஸ்எம்-5 கையேட்டில் 2013இலிருந்தே பதினாறு கேள்வி கொண்ட பண்பாட்டு நேர்காணல் ஒன்று இருக்கிறது. இந்தத் தொல்லையை நீங்கள் என்ன பெயர் சொல்லிச் சொல்வீர்கள், வீட்டார் இதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள், இதுவரை எங்கெங்கே போனீர்கள், என்ன உதவியது என்று கேட்கும். புள்ளி கிடையாது. வினாக்கொத்துக்கு முன் அதில் நான்கைந்தையாவது கேட்டால், அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்ததும், பரியாரியிடம் நூல் கட்டியதும், ஆஸ்பத்திரிக் குளிசையை ஒளித்து வைத்திருப்பதும் வெளியே வரும். அப்புறம் அறிகுறியோடு, அன்றாடத்தில் என்ன நின்றுபோனது என்றும் பார்க்க வேண்டும். ஊரிலுள்ள சில பெண்களைக் கூட்டிவைத்து 'நல்லாயிருக்கிற ஒரு பொம்பிளை ஒரு கிழமையில என்னென்ன செய்வா' என்று கேட்டாலே பட்டியல் கிடைக்கும்: சமைப்பது, பிள்ளையை நேரத்துக்கு அனுப்புவது, கோழிக்குத் தீன் போடுவது, சங்கக் கூட்டத்துக்குப் போவது, அயலில் செத்தவீடு என்றால் போய் இருப்பது. வன்னியில் அயலட்டைச் செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டவர் உண்மையாகவே சுகமில்லாதவர். இங்கே வருகிற வெளிநாட்டு அளவுகோல்களில் அந்தக் கேள்வியைக் காண்பது அரிது.

பதில்கள் எங்கே போகும் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கடைசியில் மறுபடியும் சொல்ல வேண்டும். இது வீட்டுத்திட்டத்துக்கு இல்லை, கிராம அலுவலருக்குப் போகாது, ஆமிக்கோ சிஐடிக்கோ போகாது, இன்ன வைத்தியசாலையில் இன்ன அலுமாரியில் பூட்டி இருக்கும், வேண்டாம் என்றால் இப்போதே நிறுத்தலாம் என்று. அப்படிச் சொல்ல முடியாத நிறுவனம் அந்த முற்றத்துக்குப் போகாமல் இருக்கலாம். எடுத்த புள்ளியைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு மறைந்து போகாமல், ஒரு கிழமைக்குள் அதே வீட்டுக்குத் திரும்பிப் போய், 'அம்மா, நீங்கள் சொன்னதில இருந்து நாங்கள் விளங்கினது இது, சரியோ?' என்று கேட்க வேண்டும். அம்மா 'இல்லைத் தம்பி, அது அப்பிடியில்லை' என்று தொடங்குவார். அங்கே எழுதிக்கொள்ள நிறைய இருக்கும்.